வாழப்போற எடம்

“இது எங்க வாழப் போவுது சார்?”

எங்கள் பட்டறைக்கு யார் வரைபடம் கொண்டுவந்தாலும் அக்கா கேட்கிற முதல் கேள்வி இதுதான். எத்தனை வேண்டும், எப்போது வேண்டும், என்ன விலைக்குக் கட்டும் என்பதையெல்லாம் முதலாளி கேட்டுக்கொள்வார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்வார். வரைபடத்தைப் பிரிக்காமலே வந்தவர் முகத்தைப் பார்த்து இதைக் கேட்பார்.

வந்தவருக்குப் புரியாது. “மேடம், இது ஒரு புஷ்ஷுங்க” என்பார்.

சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் ஓட்டைக்கும் நடுவே போடுகிற குழல் மாதிரியான வளையத்தைத்தான் புஷ் என்போம். உரசல் எல்லாம் அதன் தலையில்தான் விழும்.

“புஷ்ஷுன்னு தெரியுது சார். அது போய் இருக்கப்போற எடம் எப்டி? தண்ணி கீதா? நல்ல தண்ணியா, உப்பா? வெயில் படுமா? பக்கத்துல யாரு குந்திகினு கீறாங்க, இரும்பா, பித்தளையா? அவங்க கூட இது ஒத்துப்போவுமா?”

பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டைத் துருவித் துருவி விசாரிப்பது போலவே இருக்கும். அதனால்தான் லேத் என்கிற கடைசல் இயந்திரத்தில் நிற்கும் அண்ணன் அவருக்குச் சம்பந்தியம்மா என்று பேர் வைத்தார். நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் சம்பந்தியம்மா. ஒருநாள் அது அவர் காதிலும் விழுந்துவிட்டது. “வெச்சதுதான் வெச்ச, சம்பந்திக்கு மரியாதையா ஒரு டீ சொல்ல மாட்டியா?” என்று லேத் அண்ணனிடமே கேட்டு வாங்கிக் குடித்தார். அதற்கப்புறம் நேரிலேயே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

பட்டறை செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் இருந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. கார் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம். சின்னச் சின்னப் பாகங்களை மயிரிழை பிசகாமல் கடைந்து கொடுக்கும் பட்டறைகள் எங்கள் பக்கத்தில் முளைத்துக்கொண்டிருந்தன. நான் பாலிடெக்னிக் முடித்த கையோடு அளவு பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். கடைந்து வருகிற ஒவ்வொன்றையும் அளந்து, சரியென்றால் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான். அம்மாவிடம் வேலையைப் பற்றிச் சொன்னபோது, “அளக்குற வேலையா? ரேஷன் கடையிலயாடா?” என்று சந்தோஷமாகக் கேட்டாள். இல்லையென்று சொன்னதும் அந்தச் சந்தோஷம் கொஞ்சம் குறைந்துதான் போனது.

அக்கா எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். வேதியியல் பட்டதாரி. மூலப்பொருள் வாங்குவது அவர் பொறுப்பு. அவரை முதலாளி தேடிப் பிடித்து வேலைக்கு வைத்ததற்குப் பின்னால் ஒரு இறால் பண்ணை இருந்தது.

அந்தக் கதையை லேத் அண்ணன்தான் ரசித்துச் சொல்வார். கடற்கரைப் பக்கம் இறால் பண்ணைகள் பெருகியிருந்த சமயம். ஒரு பண்ணைக்காரர் தண்ணீரைக் கலக்கிவிடும் இயந்திரத்துக்கு நைலான் புஷ் கேட்டார். இவர்கள் கண்ணாடி மாதிரி கடைந்தார்கள். அளவு அச்சு அசல். முதலாளி கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்துப் பெருமைப்பட்டாராம். குட்டையில் மாட்டிய சில நாளில் எல்லாம் தண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டன. நைலான் தண்ணீரைக் குடிக்கும், குடித்தால் ஊதும் என்பது அப்போது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. “இங்க பாஸு, குட்டையில பெயிலு!” என்று சொல்லிவிட்டு, தானே கடைந்தது என்பதை மறந்து லேத் அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பார்.

அக்கா வந்த பிறகு பட்டறை மூலையில் இரண்டு பிளாஸ்டிக் வாளிகள் வந்தன. தண்ணீருக்குப் போகிற நைலான் கம்பிகளை முதலில் அதில் ஊறப்போட்டு, குடிக்கிற மட்டும் குடிக்கவிட்டு, அப்புறம்தான் லேத்துக்கு அனுப்புவார். “மொதல்ல வயிறு நெறையட்டும். பசியோட அனுப்புனா போற எடத்துல மானத்த வாங்கிடும்” என்பார்.

அவரோடு பாரிமுனைக்குச் சாமான் வாங்கப் போவது எனக்குப் பிடிக்கும். வெள்ளைக் கம்பி எதுவானாலும் அங்கே நைலான் என்றுதான் விற்பார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். அக்கா கடைக்காரரின் குடிதண்ணீர்ப் பானையைத் திறந்து ஒரு துண்டைப் போட்டுவிடுவார்.

“அம்மா! குடிக்கிற தண்ணிம்மா அது!”

“நானும் குடிக்கிறேன், பயப்படாதீங்க. பாருங்க, மெதக்குது. இது நைலான் இல்ல, பாலிதீன். நைலான்னா முழுவும்.” இன்னொரு துண்டை எடுத்துத் தீக்குச்சியால் பற்றவைத்து மூக்கருகில் பிடிப்பார். முடி கருகிய வாடை வந்தால் நைலான். மெழுகுவர்த்தி வாடை வந்தால் பாலிதீன். வேறு ஒன்று உண்டு, அதை முகர்ந்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதை அடையாளம் கண்டால் அக்காவுக்கு ஏனோ பெரிய சந்தோஷம். அழுதுகொண்டே, “இதான்! இதான்!” என்று சிரிப்பார். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

கைப்பையில் ஒரு காந்தம் எப்போதும் இருக்கும். எவர்சில்வர் என்று சொல்லி எதை நீட்டினாலும் முதலில் அதை ஒட்டிப் பார்ப்பார். அந்தக் காந்தத்தால் அவருடைய கைக்கடிகாரம் அடிக்கடி நின்றுபோகும். பட்டறைக்கு ஒரு நாளும் சரியான நேரத்துக்கு வந்ததில்லை. கேட்டால் கடிகாரத்தைக் காட்டுவார்.

விசாரித்துத் திருப்தி இல்லையென்றால் நேரிலேயே கிளம்பிவிடுவார். முட்டுக்காட்டில் ஒருவர் மிதிபடகுகளுக்கு, மிதிகட்டையைத் தண்டோடு பிணைக்கிற சின்ன ஊசியைப் பித்தளையில் கேட்டபோது, அங்கே போய்ப் படகில் ஏறி, அவரையே மிதிக்கவைத்து உப்பங்கழியை ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்தார். “கடல் தண்ணி உள்ள ஏறி வருது. பித்தளைன்னா துத்தநாகத்த அது தின்னுட்டு செம்ப மட்டும் விட்டு வெச்சிடும், மொறுக்குனு ஒடையும்” என்று வேறு உலோகத்தை மாற்றிக் கொடுத்தார். முதலாளி, “அதச் சொல்ல படகுல போவணுமாம்மா?” என்றார். “போவலன்னா எனக்கு நம்பிக்க வராது சார். காத்தும் நல்லா கீது அங்க” என்றார் அக்கா.

இதில் வேடிக்கை, தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது இவர் வீட்டையும் பார்க்கவில்லை, ஒன்றையும் விசாரிக்கவில்லை. பையன் சிரிக்கிறானா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சரி சொல்லிவிட்டார். “என்னா சம்பந்தியம்மா, புஷ்ஷுக்குப் படகுல போற, தங்கச்சிக்குப் பஸ்ஸுலகூடப் போவலியே?” என்று லேத் அண்ணன் கிண்டல் செய்தார். “புஷ்ஷுக்கு வாயி கீதா? நாமதான் பேசணும். என் தங்கச்சிக்கு நல்லாவே கீது” என்றார். அந்தத் தம்பதி இன்றைக்கும் கூடுவாஞ்சேரியில் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள்.

மார்கழியில் ஒருநாள் ஒருவர் செய்தித்தாளில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். பிரித்தால் துருப் பிடித்து ஒரே கட்டியாகிப் போன, உள்ளே குண்டுகள் உருளுகிற ஒரு பால் பேரிங். மாமல்லபுரம் கடற்கரையில் குடை ராட்டினம் வைத்திருப்பவர். நடுவில் ஒரு தூண். அதன் உச்சியில் குடை மாதிரி விரிந்த கம்பிகள். கம்பிகளில் தொங்கும் மரக்குதிரைகள். கையால் தள்ளிச் சுற்றுவது.

“வருசா வருசம் மாத்துறேன் சார். மண்ணு பூந்து, உப்பு ஏறி, மக்கர் பண்ணுது. போன காணும் பொங்கலுக்கு நட்ட நடு மத்தியானம் நின்னுச்சு. புள்ளைங்கள ஒவ்வொண்ணா எறக்கிவுட்டேன்” என்றார்.

காணும் பொங்கலன்று மாமல்லபுரம் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் டிராக்டரிலும் லாரியிலும் கரும்போடும் கட்டுச்சோறோடும் கடற்கரைக்கு வந்துவிடும். ராட்டினக்காரருக்கு அந்த ஒரு நாள்தான் வருஷத்தைத் தள்ளிக் கொடுப்பது. இப்போது அதற்கும் ஆபத்து. கடற்கரைக் கடைகளை ஏலம் எடுத்திருந்த ஆள் கறாராகச் சொல்லிவிட்டாராம்: இந்தக் காணும் பொங்கலுக்கும் ராட்டினம் நின்றால், மறுநாளே இடத்தைக் காலி செய்ய வேண்டும், மோட்டார் ராட்டினம் வைத்திருக்கும் வெளியூர்க்காரன் காத்துக்கொண்டிருக்கிறான்.

முதலாளி தயங்கினார். கார் கம்பெனி வேலை தலைக்கு மேல் கிடந்தது. “ராட்டினத்துக்குப் போய் நம்மகிட்ட எதுக்குப்பா?” என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தபோதே அக்கா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டார். தூணை அளக்க என்னையும் கூட்டிக்கொண்டார்.

நாங்கள் போனது ஒரு வேலை நாள் காலை. கடற்கரையில் வெளிநாட்டார் நாலு பேரும் ஆடுகளும்தான் இருந்தார்கள். அக்கா ராட்டினத்தை ஒரு தடவை தள்ளிவிட்டார். அது கிறீச்சிட்டுக்கொண்டே போய் நின்றது. தூணை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

ராட்டினக்காரர் மனைவி பதறிப்போய், “இன்னாக்கா, தூண நக்குறீங்க!” என்றார்.

“உப்பு எவ்ளோ கீதுன்னு பாத்தேன். கொழம்புக்குப் போடலாம் போல!”

திரும்பி வரும் பஸ்ஸில் ஒவ்வொரு வரனாகக் கழித்துக்கொண்டே வந்தார். பால் பேரிங் வேண்டாம், மண் புகுந்தால் மூச்சு நின்றுவிடும். வெண்கலம் வேண்டாம், கிரீஸ் கேட்கும். கிரீஸ் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் அரம் மாதிரி ராவும். நைலான் குடிகாரன். கடைசியில் மிதக்கிற ஆளைத் தேர்ந்தெடுத்தார். குடமும் வாளியும் செய்கிற பாலிதீனின் இனம்தான், ஆனால் கெட்டியானது, வழவழப்பானது, தண்ணீரைத் தொடாதது. தூணுக்கு மேலே ஓர் எவர்சில்வர் உறை. அதிலும் சாதா எவர்சில்வர் கடற்கரையில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும் என்று, கடல் தண்ணீருக்கென்றே வருகிற ரகத்தைப் பாரிமுனையில் தேடிப் பிடித்தார். இரண்டு ரகத்தையும் காந்தத்தால் பிரிக்க முடியாது. ஒரு சொட்டு மருந்து விட்டு, பேட்டரி வைத்து, நிறம் மாறுகிறதா என்று பார்த்த பிறகுதான் வாங்கினார்.

உறைக்கும் புஷ்ஷுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்பதில் அவருக்கும் லேத் அண்ணனுக்கும் பேச்சு வந்தது.

“இன்னும் கொஞ்சம் லூஸா வுடலாம் சம்பந்தியம்மா.”

“லூஸா வுட்டா மண்ணு பூந்துடும் அண்ணாத்த. கச்சிதமா இருக்கட்டும்.”

கச்சிதமாகவே கடைந்தார்கள். நான் அளந்தேன். வரைபடத்தில் அவர் எழுதியிருந்த அளவு அப்படியே வந்திருந்தது.

காணும் பொங்கலன்று நாங்கள் மூன்று பேரும் ராட்டினத்தைப் பார்க்கப் போனோம். ராட்டினக்காரர் வாயெல்லாம் பல்லாக நின்றார். ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினார். குதிரைகள் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயின. “வெண்ணெ மாதிரி போவுதும்மா! நானே ஏறி குந்திக்கலாம்னு கீது!” என்றார். அக்கா கரும்பைக் கடித்துக்கொண்டு, தன் மகள் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்றார்.

கூட்டம் ஏறிக்கொண்டே போனது. ஒரு சுற்று இறங்குவதற்குள் அடுத்த கூட்டம் ஏறியது. ஒரு குதிரையில் இரண்டு பிள்ளைகள், மூன்று பிள்ளைகள். ராட்டினம் நிற்கவே இல்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது ராட்டினக்காரர் ஒரு விரலை விட்டு ஒரு கையால் தள்ளிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு கை. அப்புறம் அவர் மனைவியும் சேர்ந்து தள்ளினார். லேத் அண்ணன் ஓடிப்போய்த் தோள் கொடுத்தார். ராட்டினம் முனகிக்கொண்டே அரைச் சுற்று போய், பிள்ளைகளோடு அப்படியே நின்றது.

ஏலக்காரர் எங்கேயோ பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் பேத்தியும் ஒரு குதிரை மேல் இருந்தாள்.

“இன்னாபா, இந்த வருசமுமா?”

ராட்டினக்காரர் அக்காவைத்தான் பார்த்தார். அக்கா அதற்குள் முக்காலி போட்டு ஏறித் தூணின் உச்சியைத் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்தார். கையில் இருந்த கரும்பு கீழே விழுந்தது.

“கொதிக்குது அண்ணாத்த. காலையிலேந்து நிக்காம சுத்திகினு கீது இல்ல, சூட்டுல புஷ்ஷு ஊதிக்கிச்சு. வெளிய குடையோட இரும்பு வளையம் இறுக்கிப் புடிச்சிகினு கீது. வேற வழியில்லாம உள்பக்கம் ஊதி, தூணக் கவ்விகினு கீது.” முக்காலி மேலிருந்தே கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். “நான் வந்து பாத்தது ஆடு மேயிற நாளு. இந்த நாள நான் நெனச்சே பாக்கல.”

“கழட்டி லேசா ராவிட்டா போதும்” என்றார் லேத் அண்ணன்.

“குதிரையெல்லாம் எறக்கி, குடையப் பிரிச்சி, திரும்ப மாட்டுறதுக்குள்ள பொழுது போயிடும். இவரு எடமும் போயிடும்.”

அழுகிற பிள்ளைகளை அம்மாக்கள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா முக்காலி மேல் நின்றபடியே கடலைப் பார்த்தார். சட்டென்று ராட்டினக்காரர் மனைவியிடம், “அந்த வாளிய எடுத்துகினு ஓடு. கடல் தண்ணி மொண்டா” என்றார்.

ராட்டினக்காரர் அலறிவிட்டார். “உப்புத் தண்ணியா! உப்புலேந்து காப்பாத்தத்தானே உன்கிட்ட வந்தேன்! நீயே ஊத்துறேன்றியே!”

“அண்ணா, இப்ப உள்ள குந்திகினு கீறவங்க ரெண்டு பேரும் உப்புக்குப் பயப்படாதவங்க. அதுக்குன்னே பாத்து எடுத்தது. தண்ணி பட்டா சூடு எறங்கும், வழுக்கவும் செய்யும். நம்பு, ஊத்தறேன்.”

அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. தடுக்க நேரம் இல்லை. முதல் வாளி தூண் உச்சியில் கொட்டியது. இரண்டாவதை நான் எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது வாளிக்கு அப்புறம் லேத் அண்ணன் ஒரு குதிரையின் வாலைப் பிடித்துத் தள்ளினார். ராட்டினம் ஒரு முழம் நகர்ந்தது. இன்னொரு முழம். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வது போலச் சத்தமில்லாமல் சுற்ற ஆரம்பித்தது.

சுற்றிய வேகத்தில் உச்சியில் தேங்கியிருந்த தண்ணீர் குடைக் கம்பிகளின் வழியே சிதறி, குதிரை மேல் மிச்சமிருந்த பிள்ளைகள் தலையில் மழை மாதிரி விழுந்தது. அழுதுகொண்டிருந்தவர்கள் வீறிட்டார்கள். அது அழுகை இல்லை என்று அம்மாக்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. இறக்கிவிடப்பட்ட பிள்ளைகள் எல்லாம் திரும்ப ஓடிவந்தன.

“தண்ணி நின்னா திரும்ப சூடாயிடும்” என்றார் லேத் அண்ணன்.

அக்கா ராட்டினக்காரர் மனைவியின் பிளாஸ்டிக் குடத்தைக் கேட்டு வாங்கினார். ஆணியால் அடியில் ஓட்டை போட்டு, சுற்றாமல் நிற்கும் தூண் முனையில் கட்டித் தொங்கவிட்டார். சிவன் கோயிலில் லிங்கத்துக்கு மேல் பாத்திரம் சொட்டிக்கொண்டிருக்குமே, அப்படி. “பயப்படாதீங்க, இந்தக் கொடம் நம்ம புஷ்ஷுக்கு ஒண்ணுவுட்ட அக்கா. பாத்துக்கும்” என்றார். ஒவ்வொரு தடவை ராட்டினம் பிள்ளைகளை மாற்ற நிற்கும்போதும் குடத்தை நிரப்பினோம். வாளி கைமாறிக் கைமாறி வந்தது. யார் யாரோ முன்பின் தெரியாதவர்கள் வரிசையில் நின்று மொண்டு கொடுத்தார்கள். பக்கத்திலிருந்த மற்ற ராட்டினங்களின் வரிசை கரைந்து இங்கே வந்து நீண்டது.

ஏலக்காரர் பேத்தியை இறக்கப் பார்த்தார். அவள் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். அவளைத் தூக்கப்போன இடத்தில் அவர் வெள்ளை வேட்டியும் நனைந்துபோனது. “அடுத்த வருசமும் இங்கியே போட்டுக்க, போ. இவள மொதல்ல எறக்கிக் குடு” என்று ராட்டினக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். ராட்டினக்காரர் அந்தப் பெண்ணை இறக்கவே இல்லை. இருட்டும் வரை இலவசமாகச் சுற்றவைத்தார்.

ஆனால் அக்காவுக்குத் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது. மறுநாள் காலையிலேயே ஸ்பேனர் பையோடு, என்னையும் லேத் அண்ணனையும் இழுத்துக்கொண்டு மாமல்லபுரத்துக்கு வந்துவிட்டார். புஷ்ஷைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய் உள்பக்கத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டால் தண்ணீரே தேவைப்படாது என்றார்.

ராட்டினக்காரர் தூணுக்குக் குறுக்கே வந்து நின்றார்.

“கைய வெக்காதம்மா.”

“அளவு தப்புண்ணா அது. என்னால தாங்க முடியல. ஒரு நாள் வேல, சரி பண்ணிக் குடுத்துடறேன்.”

“உனக்குத் தப்பு. எனக்கு இன்னா தப்பு? காலையிலேந்து நாலு வூட்டுக்காரங்க வந்து, தண்ணி ராட்டினம் எப்போ சுத்தும்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. நீ சரி பண்ணிட்டேன்னா எவன் வருவான்?”

அக்கா ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் தூணின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு பக்கம் பெருமையும் இன்னொரு பக்கம் அரிப்பும் மாறி மாறி வந்தன. லேத் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடைசியில் அக்கா ஸ்பேனரை லேத் அண்ணன் கையில் திணித்தார்.

“சரி. கொடத்த மட்டும் பெருசா மாத்துங்க. அடிக்கடி எவன் ஏறி ஊத்துறது?”

சொல்லிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அங்கிருந்ததிலேயே பெரிய குதிரையாகப் பார்த்து ஏறி உட்கார்ந்தார். ராட்டினக்காரர் குடத்தை நிரப்பிவிட்டுத் தள்ளினார். முதல் சுற்றிலேயே குளிர்ந்த தண்ணீர் அவர் முதுகில் விழுந்தது. அவர் போட்ட கூச்சலில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன. பட்டறைக்கு நேரமாகிறது என்று நான் கீழே நின்று கத்தினேன். அவர் காதில் விழுந்திருக்கும். இன்னொரு சுற்று தள்ளச் சொன்னார்.